ஃபிஷர்மன்ஸ் பெண்டில் பிறந்த பெட்டி

1953 மே 2, மாலை நேரம். கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து ஒரு கோமெட் விமானம் தில்லிக்குக் கிளம்பியது. சிங்கப்பூரில் தொடங்கி லண்டனில் முடிய வேண்டிய பயணம். பயணிகளை ஏற்றிப் பறந்த முதல் ஜெட் விமானம் கோமெட்தான். அது சேவைக்கு வந்து அன்றோடு சரியாக ஒரு வருடம். தரையை விட்டு எழும்பிய சில நிமிடங்களில் இடிமழைக்குள் மாட்டி, துண்டு துண்டாக வயல்களில் விழுந்தது. உள்ளே இருந்த 43 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என மேலும் இரண்டு கோமெட்டுகள் இத்தாலியை ஒட்டிய கடலில் விழுந்தன.

ஏன் விழுந்தன என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள்.

அந்தக் கேள்வி மெல்பர்னுக்கும் வந்தது. யாரா ஆற்றங்கரையில் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் என்று ஒரு இடம். இன்று வெஸ்ட்கேட் பாலத்தில் காரில் போகும்போது கீழே கொட்டகைகளும் கிடங்குகளும் தெரியுமே, அந்தப் பகுதிதான். அங்கே இருந்த அரசு வானூர்தி ஆராய்ச்சிக்கூடத்தில் கோமெட் விபத்து பற்றி நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். எரிபொருள் தீப்பற்றியிருக்குமா என்று சொல்வதற்காக டேவிட் வாரன் என்ற இளம் வேதியியலாளரையும் உட்காரவைத்திருந்தார்கள். ஆளாளுக்கு ஊகம் சொன்னார்கள். வாரனுக்கோ, கொஞ்ச நாள் முன்பு ஒரு வணிகக் கண்காட்சியில் பார்த்த பொருள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மினிஃபோன் என்ற ஜெர்மன் ஒலிப்பதிவுக் கருவி, சட்டைப்பையில் அடங்குகிற அளவு. விழுந்த விமானத்தில் யாரோ ஒரு வியாபாரி இதில் கடிதம் சொல்லிப் பதிந்துகொண்டிருந்து, அந்தக் கருவி நம் கையில் கிடைத்தால்?

பெட்டியின் பிறப்பு அந்த நொடியில்தான்.

அதற்கு முந்தைய ஜாதகமும் ஒன்று உண்டு. வாரனின் அப்பா பாதிரியார். 1934 அக்டோபர் 19 அன்று டாஸ்மேனியாவிலிருந்து மெல்பர்னுக்கு வந்துகொண்டிருந்த ‘மிஸ் ஹோபார்ட்’ என்ற விமானம் பாஸ் நீரிணைக்கு மேல் காணாமல் போனது. உள்ளே இருந்த 12 பேரில் அவரும் ஒருவர். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கடைசியாக வாங்கித் தந்தது ஒரு கிரிஸ்டல் ரேடியோ. பையன் அதைப் பிரித்துப் பிரித்து மின்னணுவியல் படித்துக்கொண்டான். அப்பாவின் சாவுதான் மகனை இந்தக் கண்டுபிடிப்புக்குத் தள்ளியது என்று எழுதுவது எளிது, பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கென்னவோ அந்த ரேடியோவுக்குத்தான் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

முதல் பெட்டியின் உள்ளே இருந்தது மயிரிழை போன்ற எஃகுக் கம்பி. பிளாஸ்டிக் நாடா தீயில் உருகிவிடும், எஃகு தாங்கும். கம்பி ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு ஓடும்; விமானி அறையில் பேசியதும் கருவிகள் காட்டிய அளவுகளும் காந்தப் புள்ளிகளாக அதில் ஏறும். பேச்சு நான்கு மணி நேரத்துக்கு நிற்கும். அளவுகள் நொடிக்கு எட்டு. புதியது ஏறும்போது பழையது தானாக அழிந்துகொண்டே வரும். பத்திரமாகத் தரையிறங்கிய பயணத்தின் பேச்சு யாருக்கும் தேவையில்லை அல்லவா? பறப்பின் அளவுகளைப் பதிவு செய்யும் கருவிகள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வேறு வடிவங்களில் இருந்தன. குரலையும் அளவுகளையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்து, தீயைத் தாண்டி வாழவைத்தது மெல்பர்ன்.

1954இல் வாரன் ஒரு குறிப்பு எழுதி மேலிடங்களுக்கு அனுப்பினார். பதிலே இல்லை. உன் வேலை எரிபொருள், அதைப் பார் என்றார்கள். பின்னால் வந்த மேலதிகாரி, சத்தமில்லாமல் செய், வெளியே தெரிந்தால் நானே உன்னை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்கிற மாதிரி சொல்லி, செய்யவிட்டார். டிக் மிர்ஃபீல்ட் என்ற கருவிப் பொறியாளர் மாதிரியைக் கட்டித் தந்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், சிவில் விமானத் துறை இதற்கு உடனடிப் பயன் இல்லை என்றது. விமானப்படை, இதில் விளக்கத்தைவிடக் கெட்ட வார்த்தைகள்தான் அதிகம் பதிவாகும் என்று கிண்டல் அடித்தது. விமானிகள் சங்கம் கோபப்பட்டது. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கும் பெட்டி இருந்தால் ஆஸ்திரேலியாவில் ஒரு விமானமும் கிளம்பாது என்றது.

விமானப்படையின் கிண்டலைக் கடந்து போகலாம். விமானிகளின் கோபத்தைக் கடந்துபோக முடியாது, அதில் நியாயம் இருந்தது. வேலை நேரத்தில் ஒருவன் பேசுவதையெல்லாம் முதலாளி பதிவு செய்யலாம் என்றால், அது பாதுகாப்புக் கருவியா, வேவுக் கருவியா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன விதம்தான் பெட்டியைக் காப்பாற்றியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1958இல் லண்டனிலிருந்து சர் ராபர்ட் ஹார்டிங்ஹாம் வந்தார். பிரிட்டிஷ் விமானப் பதிவு வாரியத்தின் செயலர். ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு நிகழ்ச்சி நிரலில் இல்லாத இந்தப் பெட்டியையும் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்தில், இந்தப் பையனை அடுத்த விமானத்தில் லண்டனுக்கு ஏற்றுங்கள் என்றார். உள்ளூரில் நாலு வருடம் கதவு தட்டியவருக்கு வெளியூரில் ஒரே நாளில் கதவு திறந்தது. இது நமக்குப் பழகிய கதைதான். இங்கிலாந்தில் டவால் என்ற நிறுவனம் அதை முட்டை வடிவத்தில், சிவப்பு நிறத்தில் செய்து விற்றது. ‘சிவப்பு முட்டை’ என்றே பெயர்.

ஆஸ்திரேலியாவில் பெட்டிக்குக் கதவு திறக்க 29 பேர் சாக வேண்டியிருந்தது. 1960 ஜூன் 10 இரவு, குவீன்ஸ்லாந்தின் மக்கே நகரத்தில் இறங்க முயன்ற ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் கடலில் விழுந்தது. இறந்தவர்களில் விடுமுறைக்கு வீடு திரும்பிய பள்ளிப் பையன்களும் இருந்தார்கள். காரணம் கடைசிவரை தெரியவில்லை. விசாரித்த நீதிபதி ஸ்பைசரின் குழு, விமானங்களில் பதிவுக் கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. விமானி அறைக் குரல் பதிவைக் கட்டாயமாக்கிய முதல் நாடு என்ற பெயர் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது அப்படித்தான்.

எங்கள் பகுதியில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். விமானப் பராமரிப்புக் கொட்டகையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்புப் பெட்டி பற்றி எழுதப்போகிறேன் என்றதும் முதலில் நிறத்தைத் திருத்தினார்.

“பேர்தான் கறுப்பு, தம்பி. ஆள் செம்மஞ்சள். கடலுக்கை கிடந்தாலும் கண்ணிலை பட வேணுமெல்லோ?”

“அப்ப உள்ள இருக்கிறதை யாரு அண்ணை கேப்பாங்க? கம்பெனியா?”

“கம்பெனிக்காரன் தொடக் கூடாது. அதுதான் முழுக் கதையும்.”

நான் பல பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். 1944இல் சிகாகோவில் 52 நாடுகள் ஒரு விமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் 13ஆம் இணைப்பு 1951இல் ஏற்கப்பட்டது. விபத்து நடந்தால் யார் விசாரிப்பது என்பதற்கான விதிகள். எந்த நாட்டு மண்ணில் விழுந்ததோ அந்த நாடு விசாரிக்கும். விமானத்தைப் பதிந்த நாடு, இயக்கிய நாடு, வடிவமைத்த நாடு, செய்த நாடு எல்லாம் ஆள் அனுப்பிக் கூட உட்காரலாம். விசாரணையின் நோக்கம் ஒன்றே ஒன்று: இனி இப்படி நடக்காமல் தடுப்பது. குற்றவாளியைத் தேடுவது அதன் வேலை அல்ல. விமானி அறைப் பேச்சுக்கான தனிக் காவல் பின்னால் சேர்ந்தது. விமானிகளின் கோபம் அடங்கியது இந்த ஏற்பாட்டால்தான்.

தேதிகளைக் கவனியுங்கள். விதி 1951, பெட்டி 1954. பெட்டி பிறக்கும்போதே அது போய்ச் சேர வேண்டிய வீட்டுக்கு அடித்தளம் போட்டாகியிருந்தது.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி என்பதற்கு இரண்டு உதாரணம். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அயர்லாந்துக் கடலோரத்தில் குண்டு வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து, ஜூலை மாதம் ரோபோ ஒன்று இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்தது. அவற்றைப் பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் திறந்து படித்தார்கள், வெளிநாட்டு நிபுணர்கள் சுற்றி நிற்க. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாதில் விழுந்த ஏர் இந்தியா 171இன் பெட்டிகள் தில்லி ஆய்வகத்தில் படிக்கப்பட்டன. முதற்கட்ட அறிக்கை சரியாக ஜூலை 12இல் வெளிவந்தது. முப்பது நாளில் தர வேண்டும் என்பது இணைப்பு 13இன் கணக்கு. தினமும் முறைத்துக்கொள்ளும் நாடுகள்கூட இந்த விஷயத்தில் ஒரே மேசையில் உட்காருகின்றன.

என்றாலும், பெட்டியின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் ஒருவரும் சாகாத ஒன்று. 2008 அக்டோபர் 7. சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு வந்துகொண்டிருந்த குவாண்டாஸ் 72, ஒரு ஏர்பஸ் ஏ330. நடுவானில், விமானி ஒன்றும் செய்யாதபோதே மூக்கு திடீரென்று கீழே குத்தியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். 119 பேருக்குக் காயம். விமானம் லியர்மந்த்தில் அவசரமாக இறங்கியது. பெட்டி இல்லாவிட்டால் பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டி சொன்ன கதை வேறு. மூன்று தகவல் கணினிகளில் ஒன்று, விமானம் காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்பதற்கு இடையிடையே அபத்தமான எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படித் துள்ளும் எண்களை வடிகட்ட மென்பொருளில் வழி இருந்தது. ஆனால் ஒரு துள்ளலுக்கு 1.2 நொடி கழித்து இன்னொரு துள்ளல் வந்தால் வடிகட்டி ஏமாந்துவிடும். அன்று அப்படித்தான் வந்தது. இயந்திரம் அதை நம்பி, ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து மூக்கைக் கீழே அழுத்தியது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம், பிரான்சும் அமெரிக்காவும் துணை நிற்க, மூன்று வருடம் தோண்டி இதைக் கண்டுபிடித்தது. ஏர்பஸ் மென்பொருளை மாற்றியது. மனிதனைக் கண்காணிக்க வந்தது என்று திட்டு வாங்கிய பெட்டி, மனிதன் பக்கம் நின்று இயந்திரத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

இங்கே பெட்டி விமானத்தை விட்டு இறங்குகிறது. இறங்கும்போதே பெயரில் ஒரு குழப்பம். செயற்கை நுண்ணறிவுக்காரர்களிடம் ‘கறுப்புப் பெட்டி’ என்றால் அர்த்தம் தலைகீழ்: உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாத அமைப்பு. கேள்வி ஒரு பக்கம் போகும், பதில் மறுபக்கம் வரும், நடுவில் இருட்டு. 2017இல் ஆலன் வின்ஃபீல்ட், மரீனா ஜிரோட்கா என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவர், அந்த இருட்டுப் பெட்டிக்குள் வாரனின் பெட்டியை வைத்தால் என்ன என்று கேட்டு, ரோபோக்களுக்கு ‘அறவியல் கறுப்புப் பெட்டி’ வேண்டும் என்று எழுதினார்கள்.

விதி எழுத வேண்டிய நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன? அதே 2017 ஆகஸ்டில் மெல்பர்னில் உலக செயற்கை நுண்ணறிவு மாநாடு. சிட்னி நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் டோபி வால்ஷ் அங்கே ஒரு கடிதத்தை வெளியிட்டார். தானாகச் சுடும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஐ.நா.வுக்கு எழுதியது, 26 நாடுகளைச் சேர்ந்த ரோபோ, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் 116 நிறுவனர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். கடிதம் வந்த நாளில் அந்த விஷயத்தைப் பேச ஐ.நா. குழு முதல்முறையாகக் கூட இருந்தது. கூடவில்லை. சில நாடுகள் சந்தா பாக்கியைக் கட்டாததால் கூட்டம் ரத்து, நவம்பருக்குத் தள்ளிப்போனது. உலகத்தின் தலைவிதியைப் பேசும் கூட்டமும் ஹால் வாடகை இல்லாவிட்டால் நடக்காது.

பிறகு காகிதங்கள் குவிந்தன. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு பற்றி ஒரு பிரகடனம். அமெரிக்கா, சீனா, இந்தியா, ஆஸ்திரேலியா எல்லாரும் உண்டு. 2024 மே மாதம் சோல். 2025 பிப்ரவரியில் பாரிஸ். அங்கே அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திட மறுத்தன. செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனங்களின் சர்வதேச வலையமைப்பு 2024 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதலில் கூடியபோது ஆஸ்திரேலியாவும் உறுப்பினர். ஆனால் அப்போது ஆஸ்திரேலியாவிடம் அப்படி ஒரு நிறுவனமே இல்லை! ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பரில்தான் தொடங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வீடு கட்டாதவர் தெரு நலச் சங்கத்தில் உறுப்பினரானது மாதிரி.

இந்தக் குவியலில் பெட்டியின் சொந்தக்காரர்கள் என்று சொல்லத்தக்கவை சில உண்டு. 2020 ஜூனில் ஜெனீவாவில், ஐ.நா.வின் வாகன விதிகள் மன்றம், தானாகத் தடத்தில் ஓடும் கார்களுக்கான 157ஆம் விதியை ஏற்றது. இயந்திரம் எப்போது ஓட்டியது, எப்போது மனிதன் கைக்கு வந்தது என்று பதியும் கருவி கட்டாயம். ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு, ஆபத்து அதிகமான அமைப்புகள் தம் செயலைத் தாமே பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. பதிவை ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பெரும் கேடு நடந்தால் குறித்த நாட்களுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருபவை. சிட்னியில் இயங்கும் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா, செயற்கை நுண்ணறிவு நிர்வாகத்துக்கான 42001 என்ற உலகத் தரநிலையை 2024இல் உள்ளூர்த் தரநிலையாக ஏற்றுக்கொண்டது, இஷ்டப்பட்டவர்கள் பின்பற்றலாம்.

பெட்டி பிறந்த நாட்டில் என்ன நிலை? 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலிய அரசு பத்துக் காப்பு விதிகளை வெளியிட்டது. ஒன்பதாவது விதி, வெளியார் வந்து சரிபார்க்கும்படி பதிவுகளை வைத்திரு என்பது. வாரன் வாசித்திருந்தால் சிரித்திருப்பார். விதிகள் விருப்பத்துக்கு உட்பட்டவையாகவே இருந்தன. ஆபத்து அதிகமான இடங்களில் கட்டாயமாக்கலாமா என்று அப்போதே ஒரு வரைவும் வந்தது. 2025 டிசம்பர் 2இல் வந்த தேசியத் திட்டம், இருக்கிற சட்டங்களே போதும் என்று அதை ஒதுக்கிவிட்டது.

இருக்கிற சட்டம் போதுமா என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு விபத்து உண்டு. ரோபோடெப்ட் என்ற அரசுத் திட்டம். அது நுண்ணறிவு ஒன்றும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. ஒருவரின் வருட வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டு, உதவித்தொகை அதிகம் வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. பருவ வேலை பார்ப்பவனுக்கு எல்லா இரண்டு வாரமும் ஒரே கூலியா வரும்? இது தவறு என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் தெளிவாக 2019 நவம்பர் ஆகிவிட்டது. 2023 ஜூலையில் அரச ஆணையம் 990 பக்க அறிக்கை தந்தது. தானியங்கி முடிவுகளைத் தணிக்கை செய்ய ஓர் அமைப்பு வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. விமானமாக இருந்திருந்தால் முதல் பத்துப் பேர் காயப்பட்டபோதே பெட்டியைத் திறந்திருப்பார்கள்.

என் கட்சி இதுதான். பதிவு செய்யும் நுட்பம் இன்று கடினமே அல்ல. எஃகுக் கம்பி தேடி அலைய வேண்டியதில்லை, எல்லாக் கணினியும் பதிந்துகொண்டுதான் இருக்கிறது. பதிந்தது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. இப்போது அது செய்தவனின் கிடங்கிலேயே இருக்கிறது. அண்ணை சொன்னபடி, கம்பெனிக்காரன் தொடக் கூடாத பெட்டி இன்னும் வரவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கு 1954இன் பெட்டி இருக்கிறது, 1951இன் இணைப்பு இல்லை. மாநாடு நடத்துகிற நாடுகள் பிரகடனத்துக்கு அழகான சொல் தேடுவதை நிறுத்திவிட்டு, கேடு நடந்தால் எந்த நாடு விசாரிக்கும், யார் யார் கூட உட்காரலாம் என்ற சலிப்பூட்டும் இரண்டு பக்கத்தை எழுதினால் போதும். விமானத்துறையில் வேலை செய்தது அந்தச் சலிப்பூட்டும் பக்கங்கள்தான்.

வாரன் 2010 ஜூலை 19இல் மெல்பர்னில் இறந்தார். ராயல்டி என்று ஒரு காசு அவருக்கு வந்ததில்லை. கேட்டவர்களிடம், பலிக்காத என் மற்ற நூறு யோசனைகளுக்கு அரசு என்னிடம் காசு கேட்கவில்லையே என்பாராம். குவாண்டாஸ் ஒரு பெரிய ஏ380க்கு அவர் பெயரை வைத்தது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு தகவல். 2024இல் திருத்திய தனியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவுகளைக் கணினியை வைத்து எடுக்கும் நிறுவனங்கள், 2026 டிசம்பர் 10 முதல் அதைத் தங்கள் தனியுரிமைக் கொள்கையில் சொல்லியாக வேண்டும். கடன் மறுத்தாலும், வேலை விண்ணப்பத்தைத் தள்ளினாலும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு, என் விஷயத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.